கையெழுத்து இதழும் நெருப்பு வீடும்



ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இன்று நான் எழுதப்போவது இசையைப் பற்றி. கருநாடக இசையோ திரையிசையோ அன்று. 'ஹார்ட்கோர் பங்க்' என்னும் இரைச்சல் மிகுந்த இசை. தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. நான் செய்த பிழை ஒன்றை இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போதாவது எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றுகிறது.

2006 சனவரி

2005ஆம் ஆண்டின் கடைசி இரவு. கோலாலம்பூரின் பழைய கிள்ளான் சாலையில் 'பால்ஸ் பிளேஸ்' என்னும் சிறிய இசையரங்கில் இளைஞர் குழுக்களின் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. காவல்துறையினர் நுழைந்து ஏறத்தாழ 380 பேரைப் பிடித்துச் சென்றார்கள். மறுநாள்களில் நாளேடுகள் 'பிளாக் மெட்டல்' என்றும் பேய் வழிபாடு என்றும் எழுதின. 2001ஆம் ஆண்டிலும் இதே போன்ற பரபரப்பு நாட்டில் எழுந்து அடங்கியிருந்தது. இம்முறை பள்ளி திறக்கும் வேளையில் செய்தி வந்ததால், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

அப்போது நான் கிள்ளானில் பகலில் தமிழ்ப்பள்ளியிலும், மாலையில் ஒரு பொது மண்டபத்தில் எஸ்.பி.எம். தமிழ்மொழிப் பாடத்துக்கான வகுப்பிலும் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாலை வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். 2001இல் ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் தமிழை விடாமல் வந்தவன். பேசமாட்டான். கடைசி வரிசையில் அமர்வான். கறுப்புச் சட்டை அணிவான். நாளேட்டுச் செய்தியைப் படித்திருந்த என் கண்ணுக்கு அந்தச் சட்டை அன்று வேறு மாதிரி தெரிந்தது.

அவன் பையை வாங்கிப் பார்த்தேன். உள்ளே தாள்கள் சில இருந்தன. மலாய் எழுத்துகள், வெட்டி ஒட்டிய படங்கள், முகப்பில் ஒரு மண்டையோடு. அந்த மண்டையோட்டுக்கு மேல் நான் ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை. அன்று இரவே அவன் வீட்டுக்குச் சென்று, "அண்ணே, பையன் கெட்ட வழியில் போறான், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று தாள்களைத் தந்தையிடம் கொடுத்தேன். கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர் அவர். வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடத்தில் அந்தத் தாள்களையும் மகனின் ஒலிநாடாக்களையும் போட்டுக் கொளுத்தினார். பையன் வாசற்படியில் நின்று பார்த்தான். அழவில்லை. என்னையும் ஒரு முறை பார்த்தான்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. அவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்த்தாளையும் எழுதவில்லை. நானோ ஒரு மாணவனைக் காப்பாற்றிவிட்டதாக ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில்

எட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தபோது பின்னாலிருந்து "சார்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவன். இருபத்தைந்து வயது இளைஞனாகியிருந்தான். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை என்றான். தேநீர் அருந்த அழைத்ததும் அவன்தான்.

எனக்குப் பேச்சு எழவில்லை. கடைசியில், "அந்தப் பேய்ப் பாட்டெல்லாம் விட்டுட்டியா தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அது பேய்ப் பாட்டு இல்ல சார். பங்க். பிளாக் மெட்டல் வேற, அது வேற. நீங்க எடுத்துக்கிட்டுப் போனது எங்க கையெழுத்து இதழ். ஆறாம் ஆண்டுல நீங்கதானே செய்யச் சொல்லிக் கொடுத்தீங்க? ஆளுக்கு ஒரு பக்கம், சொந்தமா எழுதணும், பார்த்து எழுதக் கூடாதுன்னு?"

உண்மைதான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், அது முடிந்த பின் மாணவர்களைச் சும்மா உட்காரவைக்க மனமில்லாமல், ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்து இதழ் ஒன்று செய்யவைப்பேன். அதே முறையில்தான் அவனும் நண்பர்கள் மூவரும் செய்திருக்கிறார்கள். நான் எடுத்துச் சென்றது ஒட்டி முடித்த மூலப்படி. மறுநாள் நகலெடுப்பதாக இருந்ததாம். அதில் அவனுடைய பக்கம் நான்கு தாள் நீளம். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கதையைத் தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, மற்ற இன நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக மலாயில் எழுதியிருந்தான்.

"திரும்ப எழுதலையா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் கோவமா இருந்தேன். அப்புறம் எழுதலாம்னு நினைச்சப்ப பாட்டி இல்ல சார்."

குறை கூறும் தொனியே அவன் குரலில் இல்லை. அதனால்தான் அன்றைய தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எழுந்து போகும்போது, "சனிக்கிழமை சும்மா இருந்தா அம்பாங் வாங்க சார், ஒரு இடத்தக் காட்டுறேன்" என்றான். போனேன்.

நெருப்பு வீடு

அந்த இடத்தின் பெயர் 'ரூமா அப்பி'. மலாய் மொழியில் நெருப்பு வீடு என்று பொருள். அம்பாங்கில் பழைய கட்டடம் ஒன்றில், முதலாளி என்று யாரும் இல்லாமல், பங்க் இளைஞர்கள் கூடி நடத்திய அரங்கு. நுழைவுக்குப் பத்து வெள்ளி. சுவரெல்லாம் சுவரொட்டிகள். ஒரு மூலையில் மேசை போட்டு நகலெடுத்த சிற்றிதழ்களும் வட்டுகளும் வைத்திருந்தார்கள். மலாய், சீன, தமிழ் முகங்கள் கலந்து நின்றன. ஒரு பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை, காது வலித்தது. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஆனால் என் கண் வேறு சிலவற்றைப் பார்த்தது. முன்பு என் வகுப்பில் வாய் திறக்காதவன் இங்கே வாசலில் அமர்ந்து காசு வாங்கினான், கணக்கு எழுதினான், புதிதாக வந்த ஒரு சிறுவனிடம் உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னான். கூட்டத்தில் ஒருவன் கீழே விழுந்தபோது சுற்றியிருந்தவர்கள் உடனே கைகொடுத்துத் தூக்கினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சற்று முன் மேடையில் கத்திப் பாடியவனே துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். வெளியூரிலிருந்து வந்த குழுவினர் எங்கே உறங்குவார்கள், அவர்களுடைய பெட்ரோல் செலவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஐந்தாறு பேர் கூடிப் பேசினார்கள். என் முன்னாள் மாணவனின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது.

நான் அவனுக்குக் கொடுத்தது கடைசி வரிசை. இந்த இடம் அவனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது.

ஓர் அரங்கு என்ன செய்யும்?

வீடு திரும்பிய பிறகு இந்த இசையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிரியர்களாகிய நமக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.

பங்க் இசை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் பெயர் பெற்றது. 1980ஐ ஒட்டி, அவர்களுக்கும் இளையவர்கள் அதை இன்னும் விரைவாகவும் சுருக்கமாகவும் ஆக்கினார்கள். அதுதான் ஹார்ட்கோர். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இவர்களைச் சீண்டவில்லை, வானொலியும் பெரும்பாலும் ஒலிபரப்பவில்லை. ஆகவே எங்கே பாட இடம் கிடைத்ததோ அந்த இடமே இவர்களை உருவாக்கியது.

நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973இல் திறந்த 'சிபிஜிபி' அரங்கில், பாடவரும் குழு சொந்தப் பாடல்களையே பாட வேண்டும் என்பது விதி. பிறர் பாட்டைப் படியெடுப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. 'பார்த்து எழுதாதே' என்று நாம் வகுப்பில் சொல்வதும் இதுவே அல்லவா? அந்த ஒரு விதியால் ஊரில் சொந்தப் பாட்டு எழுதுவோர் பெருகினர். 1980களில் அதே அரங்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹார்ட்கோர் நிகழ்ச்சிகளை நடத்தியது. பகல் என்பதால் பள்ளி வயதினரும் வர முடிந்தது. ஒரு நேர அட்டவணை ஒரு தலைமுறையை உள்ளே அழைத்துவந்தது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1980இல் வாசிங்டனைச் சேர்ந்த 'டீன் ஐடில்ஸ்' என்னும் பதின்ம வயதுக் குழு சான் பிரான்சிஸ்கோவில் 'மபுகாய் கார்டன்ஸ்' என்ற அரங்குக்குச் சென்றது. மது அருந்தும் வயது வராதவர்களின் கையில் அங்கே பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பி, எங்களுக்கும் இப்படிக் குறி போட்டு உள்ளே விடுங்கள் என்று தங்கள் ஊர் அரங்கினரைக் கேட்டார்கள். சிறுவன் என்பதைக் காட்டப் போட்ட அந்தக் குறியை இளைஞர்கள் பின்னர்த் தாமே விரும்பி வரைந்துகொண்டார்கள். மது, புகை, போதை மூன்றையும் தொடமாட்டோம் என்பதற்கு அது அடையாளமாயிற்று. அக்குழுவில் இருந்த இயன் மெக்காய் பின்னர் 'மைனர் த்ரெட்' குழுவில் பாடிய பாடலால் இக்கொள்கை உலகெங்கும் பரவியது. பங்க் என்றாலே போதை என்று எண்ணியிருந்த எனக்கு இது தலையில் குட்டு வைத்தது போல் இருந்தது.

மூன்றாவது, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1986 திசம்பர் 31இல் திறக்கப்பட்ட '924 கில்மன் தெரு'. பெயரே அதன் முகவரிதான். எல்லா வயதினரும் வரலாம். மது இல்லை, அடிதடி இல்லை, இனத்தையோ பெண்களையோ இழிவுபடுத்தும் பேச்சுக்கு இடமில்லை. வேலை அனைத்தும் தொண்டர்களுடையவை. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு அக்காலத்தில் மேடை இல்லை. 'கிரீன் டே' என்னும் புகழ்பெற்ற குழு அங்கேதான் வளர்ந்தது. 1993இல் அது பெரிய நிறுவனத்தில் சேர்ந்தபோது, அந்த விதிப்படி அதற்கும் கதவு சாத்தப்பட்டது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் ஒரே விதியைப் பிடித்த அந்த இளைஞர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் கதை இப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் கோலா திரங்கானு இளைஞரான ஜோ கிட் 'ஏடிஸ்' என்னும் சிற்றிதழை நகலெடுத்துப் பரப்பினார். ஆம், கொசுவின் பெயர்தான். அவர் பங்குகொண்ட 'கார்புரேட்டர் டங்' குழு 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. அக்காலத்தில் இவர்களுக்கென நிலையான இடம் இல்லை. கிடைத்த மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள், அடுத்த முறை அது மறுக்கப்படும். பால்ஸ் பிளேஸ், ரூமா அப்பி போன்ற இடங்கள் அமைந்த பிறகே ஒரே ஊர்ச் சிறுவர்கள் வாரந்தோறும் சந்திக்கவும், மூத்தவர் செய்வதை இளையவர் பார்த்துப் பழகவும் முடிந்தது. கோலாலம்பூர் நகர மையத்தில் வீடற்றோருக்குச் சைவ உணவு சமைத்துக் கொடுக்கும் 'ஃபுட் நாட் பாம்ஸ்' தொண்டும் இந்த வட்டத்தில் இருந்துதான் கிளைத்தது. என் மாணவனும் காய்கறி நறுக்கப் போயிருக்கிறான்.

எல்லாம் நன்மையே என்று நான் எழுதவில்லை. சிபிஜிபியின் ஞாயிறு நிகழ்ச்சிகளே அடிதடியால் நிறுத்தப்பட்டன. இத்தகைய இடங்களில் குடிப்பவரும் உண்டு, சண்டையிடுபவரும் உண்டு. பெற்றோர்கள் விசாரிக்க வேண்டும், கேட்க வேண்டும், முடிந்தால் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

ஒரு தொலைப்பேசி அழைப்பு

2015 ஆகத்து 28ஆம் நாள் இரவு ரூமா அப்பியில் காவல்துறையினர் நுழைந்தனர். 'பெர்சே 4' பேரணிக்கு முந்திய இரவு அது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 160 பேர் பிடிக்கப்பட்டுச் சில நாள்கள் காவலில் இருந்தனர்.

மறுநாள் காலை என் கைப்பேசி ஒலித்தது. அவனுடைய அம்மா. "சார், அவன் போன எடுக்க மாட்டேங்கிறான். நேத்து அம்பாங் போறேன்னு சொன்னான். உங்ககிட்ட ஏதும் சொன்னானா?" என்று அழுதார். கணவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மகனைப் பற்றிக் குறைசொல்ல அந்த வீட்டுக்குப் போன என்னைத்தான் அவர் நம்பி அழைக்கிறார்.

"அவன் தப்பு செய்யற பிள்ளை இல்லம்மா. நான் அந்த இடத்துக்குப் போயிருக்கேன், பார்த்திருக்கேன்" என்றேன். அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு அன்று தகுதி இருந்தது. ஒரு சனிக்கிழமை காது வலிக்க நின்றதால் கிடைத்த தகுதி அது. நண்பகலில் அவனே அழைத்தான். கடைசி நேரத்தில் கூடுதல் வேலை கொடுத்துவிட்டதால் இரவு முழுவதும் கிடங்கில் இருந்திருக்கிறான். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோயிருந்தது. தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பிடிபட்ட நண்பர்களுக்கு உணவு கொண்டுபோக வேண்டும் என்றான். நானும் கூடப் போனேன். அவர்களுக்கு உணவு போய்ச் சேர்ந்ததா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்த பெற்றோர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வகுப்பறையில்

அதன் பிறகு என் வகுப்பில் சிலவற்றை மாற்றினேன். பெரிய மாற்றங்கள் அல்ல. கடைசி வரிசையில் பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் முதலில் பொறுப்பு. ஒருவன் நூலகச் சாவி வைத்திருப்பான், ஒருத்தி பந்துகளுக்குக் கணக்கு எழுதுவாள். வகுப்பு விதிகளை ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களே கூடிப் பேசி எழுதுகிறார்கள். எழுதிய விதி எனக்கும் பொருந்தும். தாமதமாக வந்தால் நானும் கரும்பலகையைத் துடைக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்காக உறுமி மேளம் பழகும் பையன்களைப் பார்த்தால், படிக்கிற வேளையில் என்ன தப்படி என்று முன்பு கடிந்துகொள்வேன். இப்போது யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, எங்கே பழகுகிறீர்கள் என்று கேட்கிறேன். கேட்டால் சொல்கிறார்கள்.

கையெழுத்து இதழை நிறுத்தவில்லை. ஒரு விதியை மட்டும் சேர்த்திருக்கிறேன். மூலப்படி எவர் கைக்கும் போவதற்கு முன் நகலெடுத்துவிட வேண்டும். ஏன் ஐயா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு முறை ஒரு வாத்தியார் தொலைத்துவிட்டார் என்பேன். யார் அந்த வாத்தியார் என்பதை இதுவரை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அந்த மாணவன் பள்ளிக்கு வந்தான். தன் மகளை முதலாம் ஆண்டில் பதிவதற்கு. தமிழ்ப்பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தானாம். படிவத்தை நிரப்பிவிட்டு, "சார், இப்பவும் கையெழுத்து இதழ் உண்டா?" என்று கேட்டான். உண்டு என்றேன். அலமாரியிலிருந்து அவ்வாண்டு இதழை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் படித்தான். நான் அன்று செய்யாத வேலை அது.

அன்பான பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்கள் பிள்ளையின் பையில் உங்களுக்குப் புரியாத தாள் ஏதேனும் கிடைத்தால், தயவுசெய்து அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். உங்களுக்கும் இத்தகைய அனுபவம் இருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.